குழந்தை வரப்போகிறது என்று பிஎச்டியை விட வேண்டாம்

கிளிநொச்சியிலிருந்து வந்து கதைத்துவிட்டுப் போன அம்மாவுக்கு,

அன்று பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பாதியில் எழும்பிவிட்டீர்கள். மிச்சத்தை இதில் எழுதுகிறேன்.

மகள் தமிழ்நாட்டில் பிஎச்டிக்குப் பதிந்தது 2023 ஓகஸ்ட்டில். இப்போது நான்கு மாதக் கர்ப்பிணி. "படிச்சது காணும், விட்டிட்டு வரட்டும்" என்று சொந்தக்காரர் சொல்கிறார்கள். மகள் உங்களிடம் வரட்டும் அம்மா, தாய்வீட்டில் பிள்ளை பெறட்டும். படிப்பை மட்டும் விட வைக்காதீர்கள். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்தே படிப்பு அறுந்துபோனவர்கள் நம் வன்னியில் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும்.

இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிப்படி பிஎச்டிக்கு ஆகக் குறைந்தது 3 வருடம், ஆகக் கூடியது 6 வருடம். மகளுக்கு 2029 ஓகஸ்ட் வரை காலம் இருக்கிறது. அதற்குள் முடியாவிட்டால் மறுபதிவு செய்து இன்னும் 2 வருடம் கேட்கலாம். பெண்களுக்கு அதற்கு மேலும் 2 வருடச் சலுகை உண்டு. எல்லாம் சேர்த்து 10 வருடத்தைத் தாண்டக்கூடாது.

மகப்பேற்றுக்கும் குழந்தைப் பராமரிப்புக்கும் 240 நாள் வரை லீவு வழங்கலாம் என்றும் அதே விதி சொல்கிறது. கிட்டத்தட்ட எட்டு மாதம். இது முழுப் படிப்புக் காலத்துக்கும் சேர்த்த கணக்கு, அடுத்த பிள்ளைக்குப் புதிதாக வராது. "வழங்கலாம்" என்ற சொல்லையும் கவனியுங்கள். விண்ணப்பித்தால்தான் கிடைக்கும்.

எனக்குப் பயம் இந்த இடத்தில்தான். நம் பிள்ளைகள் ஆய்வை வழிநடத்தும் மேற்பார்வையாளருக்குப் போனில் சொல்லிவிட்டு ஊருக்கு வந்துவிடுவார்கள். அவரும் நல்ல மனதோடு "போய் வாம்மா" என்பார். ஆனால் ஒவ்வொரு செமஸ்டரும் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் முன்னேற்றத்தைக் காட்ட வேண்டும். பதிவேட்டில் லீவு இல்லாவிட்டால், பிள்ளை சொல்லாமல் வராமல் விட்டதாகவே அது கிடக்கும். அப்பாவுக்குச் சுகமில்லை என்று வந்த ஒரு பிள்ளை இப்படித்தான் பதிவை இழந்தது. அதன் ஆய்வு பாதிக்கு மேல் முடிந்திருந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் மனம் ஆறவில்லை.

அதனால் மகள் இந்தக் கிழமையே கடிதம் கொடுக்கட்டும். லீவு தொடங்கும் திகதி, திரும்பும் திகதி இரண்டும் அதில் இருக்க வேண்டும். மருத்துவச் சான்றிதழை இணைத்து, மேற்பார்வையாளரின் கையெழுத்தோடு துறைத் தலைவர் வழியாகப் பதிவாளருக்குப் போகட்டும். அனுமதி எழுத்தில் வந்த பிறகு டிக்கெட் போடுங்கள். ஏழு மாதம் தாண்டினால் விமானத்தில் ஏற மருத்துவரின் கடிதம் கேட்பார்கள், அதையும் மனதில் வைத்து நாளைப் பாருங்கள். லீவு நாட்கள் அந்த 6 வருடக் கணக்கில் சேருமா, உதவித்தொகை தொடருமா என்ற இரண்டையும் மகள் அங்கே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கட்டும்.

விசா முடியும் திகதியையும் பாருங்கள். லீவு நடுவில் அது முடிந்துபோனால் திரும்புவது கஷ்டம். குழந்தையையும் கூட்டிக்கொண்டு போவதென்றால் அதற்கும் தனியாகக் கடவுச்சீட்டும் விசாவும் வேண்டும். பிறப்புச் சான்றிதழ் கைக்கு வந்ததும் வவுனியாவில் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.

கடிதத்தை மகள் எழுதியதும் எனக்கு ஒருக்கால் அனுப்பச் சொல்லுங்கள், பார்த்துத் தருகிறேன்.