முட்டை அட்டை ஒட்டினால் வீட்டுக்குள் வரும் சத்தம் குறையுமா?

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் வீடு, லொறி பஸ் சத்தத்திலும் மழை பெய்தால் தகரச் சத்தத்திலும் பிள்ளைகளால் படிக்க முடியவில்லை, சுவரில் முட்டை அட்டை ஒட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேண்டாம். முட்டை அட்டையும் ஸ்பொஞ்சும் அறைக்குள் எழும் எதிரொலியைத்தான் கொஞ்சம் குறைக்கும். வெளிச் சத்தத்தை மறிக்கப் பாரம் வேண்டும், ஓட்டை இல்லாத அடைப்பு வேண்டும். அட்டையில் இரண்டும் இல்லை. தீப்பிடிக்கிற சாமான் வேறு.

எங்கள் பக்கத்து வீடுகளில் முதலில் பார்க்க வேண்டியது சுவருக்கு மேலே. வெக்கை போகட்டும் என்று சுவருக்கும் கூரைக்கும் நடுவில் திறந்து விட்டிருப்போம். அறைச் சுவர்களும் பாதி உயரத்தில் நின்றுவிடும். சத்தம் அந்த வழியால் தாராளமாக வரும். ஒரு சுவரில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலே போதும், மிச்சம் எவ்வளவு தடிப்பாக இருந்தாலும் டெசிபல் என்ற சத்த அளவில் அது ஏறக்குறைய 20க்கு மேல் குறைக்காது.

அதற்காக வன்னி வெயிலில் முழு வீட்டையும் அடைத்துவிட்டு இருக்க முடியுமா? வீதிக்கு மறுபக்கம் இருக்கிற ஒரு அறையை மட்டும் எடுங்கள். அதன் உட்சுவரைக் கூரை வரை உயர்த்துங்கள். பாரமான பலகைக் கதவு போட்டு, கீழ் இடுக்குக்கு றப்பர் அடியுங்கள். காற்றை வளவுப் பக்க யன்னலால் எடுக்கலாம். அப்புறம் பூச்சு. பூசாத சீமெந்துக் கல்லின் நுண்துளைகளால் சத்தம் கசியும். வீட்டுத்திட்டக் காசு பூச்சுக்கு முன்பே முடிந்துபோன வீடுகள் இங்கே நிறைய. ஒரு பக்கமாவது பூசிவிடுங்கள், வித்தியாசம் தெரியும்.

வேலியில் கிளுவையும் பூவரசும் நெருக்கமாக நட்டால் நிழல் கிடைக்கும், சத்தம் நிற்காது. கட்டு மதில் என்றால் பலன் உண்டு, ஆனால் யன்னலில் நின்று பார்க்கும்போது வாகனத்தை அது மறைக்க வேண்டும். அப்படி மறைத்தால் சுமார் 5 டெசிபல் குறையும். போரால் நின்றுபோய் 2013இல் திரும்பி வந்த ரயிலின் அதிர்வு நிலத்தால் வருவது, அதற்கு மதில் உதவாது. அந்தச் சத்தத்தைக் குறை சொல்ல எனக்கு மனமும் வராது.

மழைச் சத்தம் வேறு கதை. தகரம் மெல்லியது, ஒவ்வொரு துளிக்கும் பறை போல அதிரும். ஓடு பாரம், அதனால் அமைதி. ஓட்டுக்கு வசதி இல்லையென்றால் அந்த ஒரு அறைக்கு மட்டும் ஜிப்சம் சீலிங் போட்டு, அதன் மேல் கண்ணாடிப் பஞ்சு விரியுங்கள். பஞ்சுக்குப் பதில் தேங்காய்த் தும்பு மலிவுதான், ஆனால் கறையானுக்கு யார் பதில் சொல்வது? சீலிங் சட்டத்தைக் கூரை மரத்தில் அறையாமல் சுவரில் தாங்க விடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் தகரத்தின் அதிர்வு அப்படியே கீழே இறங்கும். மேலே இருப்பது பழைய அஸ்பெஸ்டாஸ் சீற் என்றால் அதில் துளை போடவோ வெட்டவோ யாரையும் விடாதீர்கள். அந்தத் தூசு நுரையீரலுக்குப் போனால் பல வருடம் கழித்துப் புற்றுநோயாகக்கூட வரும்.