ஹிமாச்சல் மலைகளைச் சுற்றிப் பார்க்க ஆஃப்லைன் வெக்டர் மேப் போதுமா?

கேள்வி கேட்டவர் குடும்பத்தோடு ஹிமாச்சல் பிரதேசம் போகிறார். ஏரி, கணவாய் என்று பார்க்க நினைக்கும் இடங்களில் பாதிக்கு மேல் சிக்னல் கிடைக்காதாம். வெக்டர் மேப் இறக்கிக்கொண்டால் சமாளிக்கலாமா என்கிறார்.

வழி தெரிந்துகொள்ளத் தாராளமாகப் போதும். எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம் என்பதற்கு அதை நம்ப வேண்டாம். சந்திரதால் ஏரிக்குப் போன அன்று இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

முதலில் வெக்டர் என்றால் என்ன? கோலத்தைப் படம் பிடித்து அனுப்புவது ஒரு வகை. "15 புள்ளி, 8 வரை ஊடுபுள்ளி" என்று போனில் சொல்லி, எந்தப் புள்ளியை எதோடு சேர்க்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுவது இன்னொரு வகை. இரண்டாவதுதான் வெக்டர். சாலை, ஆறு, ஏரிக்கரை எல்லாம் ஆயத்தொலைவுகளாகவே கோப்பில் இருக்கும். கோலத்தைப் போடுவது உங்கள் போன். அதனால்தான் எவ்வளவு ஜூம் செய்தாலும் கோடு மங்குவதில்லை, மாநிலம் முழுவதையும் இறக்கினாலும் போன் நிரம்புவதில்லை. நீங்கள் நிற்கும் இடத்தைக் காட்டும் ஜிபிஎஸ்ஸுக்கும் மொபைல் சிக்னல் தேவையில்லை. தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் இலவச உலக மேப்பான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவை வைத்து ஓடும் ஆர்கானிக் மேப்ஸ், ஆஸ்ம்அண்ட் என்ற இரண்டு செயலிகளுமே இந்த வகைதான்.

மலைக்குப் போகிறவர்கள் அதில் அவசியம் பார்க்க வேண்டியது சம உயரக் கோடுகள், அதாவது ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களைச் சேர்த்துப் போட்ட கோடுகள். கோடுகள் நெருங்கி வந்தால் செங்குத்து, விலகினால் சமதளம். மெக்லியோட்கஞ்ச் பக்கம் திரியுண்ட் ஏறும்போது கடைசியில் '22 வளைவுகள்' என்று ஒரு பகுதி வரும். மேப்பில் விரல் நகம் அளவுதான் இருக்கும், கோடுகளோ ஒன்றன்மேல் ஒன்று அப்பிக்கிடக்கும். மூச்சு வாங்குவது அங்கேதான்.

ஆனால் இலவச மேப்களில் இந்த உயரத் தரவு பெரும்பாலும் 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 11 நாள் சுற்றி வந்து ராடார் மூலம் அளந்தது. சுமார் 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. ஒரு சின்னப் பாறைச் சரிவு அந்த இடைவெளியில் காணாமலே போய்விடும்.

சரி, சந்திரதால். மணாலியிலிருந்து 9 கி.மீ. நீள அடல் சுரங்கப்பாதையைத் தாண்டி, கோக்சர், கிராம்பூ வழியாகப் போனோம். கிராம்பூவிலிருந்து, ஏரிக்குப் போகும் வழியில் இருக்கும் பாதல் சுமார் 50 கி.மீ. என் போன் இரண்டு மணி நேரம் என்றது. சாலை என்று மேப் சொன்னது பல இடங்களில் வெறும் உருளைக்கல். மதியம் மூன்று மணிக்கு ஒரு நாலா குறுக்கே வந்தது. மலையிலிருந்து இறங்கும் ஓடையை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். காலை வெயிலில் உருகிய பனியெல்லாம் பிற்பகலில்தான் கீழே வந்து சேரும். ஓட்டுநர் இறங்கி ஒரு கல்லைத் தூக்கிப் போட்டு ஆழம் பார்த்தார். எங்களை இறக்கிவிட்டு வண்டியை மட்டும் ஓட்டிக் கடந்தார். நாங்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு முழங்கால் வரை நனைந்தோம். குளிரில் பாதம் இருப்பதே தெரியவில்லை. மறுநாள் காலை ஏழு மணிக்குத் திரும்பும்போது அதே நாலாவில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். போனில் இரண்டு நாளும் அதே மெல்லிய நீலக் கோடு.

அதனால் அந்தப் பக்கம் போவதென்றால் விடியற்காலையில் கிளம்புங்கள். நேரக் கணக்கை ஓட்டுநரிடமே கேளுங்கள்.

இன்னொன்று, இரவு தங்கும் இடத்தின் உயரத்தை மேப்பிலேயே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். மணாலி சுமார் 2,000 மீட்டர், சந்திரதால் 4,250 மீட்டருக்குப் பக்கம். ஒரே நாளில் அவ்வளவு ஏறினால் தலைவலி, வாந்தி வர நிறையவே வாய்ப்புண்டு; எங்களில் ஒருவர் ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. குழந்தைகளோ பெரியவர்களோ கூட இருந்தால் சிம்லா, கின்னௌர், காசா என்று மெல்ல ஏறி வருவதே மேல். நாட்கள் கூடும்தான். ஏரிக்கரையில் கூடாரம் போட அனுமதியில்லை. அது 2005 முதல் ராம்சார் ஈரநிலம், அதாவது ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச ஒப்பந்தப் பட்டியலில் இருக்கும் இடம். முகாம்கள் சில கி.மீ. தள்ளித்தான் இருக்கும், அவற்றையும் முன்பே குறித்து வையுங்கள்.

மேப்பை வீட்டு வைஃபையிலேயே இறக்கிவிடுங்கள். அப்புறம் ஏரோபிளேன் மோட் போட்டு 'சந்திரதால்' என்று தேடிப் பாருங்கள். வரவில்லையென்றால் ஆங்கில எழுத்துகளில் தேடுங்கள். போனை உள்சட்டைப் பையில் வையுங்கள், குளிரில் பேட்டரி மளமளவென்று இறங்கும்.