உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச பெரிய எண் எது, ஏன்?

எனக்கு 73939133. எழுபத்து மூணு மில்லியன் சொச்சம், நம்ம கணக்குல ஏழு கோடியே முப்பத்தொம்பது லட்சம்.

பையன் செகண்டரி ஒண்ணு படிக்கிறான், பகா எண் (1ஆலயும் தன்னாலயும் மட்டும் வகுபடுற எண்) ஹோம்வொர்க்கை எடுத்துக்கிட்டு புளோக் கீழ கோப்பிக்கடைக்கு வந்து மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தான். டிஷ்யூ பாக்கெட் மேல இந்த நம்பரை எழுதிக் காட்டுனேன். பக்கத்து மேசை அங்கிள் எட்டிப் பாத்துட்டு "யாரு போன் நம்பர் தம்பி?"ன்னார். எட்டு இலக்கம் சரிதான், ஆனா இங்க சிங்கப்பூர்ல கைப்பேசின்னா 8, 9, வீட்டு போன்னா 6, ஏழு எங்கேருந்து வரும்?

"கடைசி இலக்கத்தைக் கட்டைவிரலால மூடுடா"ன்னேன். 7393913, அதுவும் பகா எண். இன்னொண்ணு மூடு, 739391, அதுவும்தான். அப்படியே 73939, 7393, 739, 73, கடைசியா 7, எல்லாமே பகா எண்தான். பையன் நம்பல, போன்ல ஒவ்வொண்ணா தட்டிப் பாத்தான், அதுக்குள்ள கோப்பி ஆறிப்போச்சு.

இந்த மாதிரி வலதுபக்கம் வெட்ட வெட்ட பகா எண்ணாவே நிக்கிற எண்கள் மொத்தமே 83தான். (83ம் பகா எண்தான், ஆனா அந்தக் கூட்டத்துல சேர்த்தி இல்ல, 3ஐ மூடுனா 8 வந்துடுது பாருங்க.) அதுல எட்டு இலக்கம் உள்ளது அஞ்சு, ஒம்பது இலக்கத்துல ஒண்ணுகூட இல்ல, அதனால எல்லாத்துலயும் பெருசு நம்மாளுதான்.

"ஏன்ப்பா இன்னொரு இலக்கம் சேக்க முடியல?"ன்னு கேட்டான். எனக்குப் பிடிச்சதே இந்த இடம்தான். கடைசியில 1, 3, 7, 9 மட்டும்தான் ஒட்ட முடியும், மத்ததை ஒட்டுனா ரெண்டாலயோ அஞ்சாலயோ வகுபட்டுடும். இப்ப மூணால வகுத்தா என்ன மீதின்னு பாருங்க, இலக்கங்களைக் கூட்டிப் பாத்தாலே தெரிஞ்சுடும். 7ல ஆரம்பிச்சா மீதி 1. பின்னாடி 3, 9 எத்தனை ஒட்டுனாலும் மீதி மாறாது. 1 இல்லன்னா 7 ஒட்டுனா மீதி ஒண்ணு கூடி 2 ஆகும், ரெண்டாவது தடவை ஒட்டுனா மூணால சுத்தமா வகுபட்டு கதை முடிஞ்சுது. ஆக அந்த சான்ஸ் ஒரே ஒரு தடவைதான். நம்ம நம்பர் அதை ஆறாவது இலக்கத்துல செலவு பண்ணிடுச்சு. மிச்சம் இருக்குறது 739391333, 739391339 ரெண்டுதான், ரெண்டுமே பகு எண், மூணு அஞ்சுன்னு சின்னதுல மாட்டாம பெரிய காரணியிலதான் மாட்டுது.

மத்தபடி இது ஒரு தனிக்கட்டை. ரெண்டு தள்ளி முன்னாடி இருக்குற 73939131 மூணால வகுபடும், பின்னாடி 73939135 அஞ்சுல முடியுது, அதனால இரட்டைப் பகா எண் (ரெண்டே ரெண்டு தள்ளி நிக்கிற பகா எண்கள்) ஜோடி கிடையாது. இலக்கங்களை வர்க்கம் பண்ணிக் கூட்டுனா 248, திரும்பப் பண்ணா 84, அப்புறம் 80, 64, 52, 29, 85, 89, அதுக்கு மேல வட்டம் சுத்த ஆரம்பிச்சுடும், 1க்கு வந்து சேராது. அப்படி 1க்கு வந்து சேர்றதைத்தான் மகிழ்ச்சி எண்ணுன்னு சொல்வாங்க, அந்த லிஸ்ட்லயும் இடமில்ல, பாவம்.

அங்கிள் பொறுமையா எல்லாம் கேட்டுட்டு கடைசி நாலு இலக்கம் 9133ஐ மட்டும் எழுதிக்கிட்டுப் போனார், ஃபோர் டி, அதான் நாலு இலக்க லாட்டரி, வாங்குறதுக்கு. அதுவும் பகா எண்தான் அங்கிள்னு பையன் கத்துனான், அவர் திரும்பியே பாக்கல.