சுவர் 5.84 மீட்டர் தடிமனாக வந்ததற்குக் காரணம்

நண்பரே, ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் வரைந்த 230 மி.மீ. சுவர், ஸ்கெட்ச்அப் என்ற முப்பரிமாண மென்பொருளில் இறக்குமதி செய்ததும் 5,842 மி.மீ. ஆகிவிட்டது என்கிறீர்கள். பெரியதைச் சிறியதால் வகுத்துப் பாருங்கள்: 25.4. ஓர் அங்குலத்துக்கு அத்தனை மில்லிமீட்டர். உங்கள் மில்லிமீட்டரை மென்பொருள் அங்குலமாக எடுத்துக்கொண்டிருக்கிறது, கோப்பு கெடவில்லை. இறக்குமதி செய்யும்போது ‘ஆப்ஷன்ஸ்’ பகுதியைத் திறந்து அலகை மில்லிமீட்டர் என்று நீங்களே தேர்ந்தெடுங்கள். பலரும் அதைத் திறப்பதே இல்லை, நானும் நெடுநாள் திறக்காதவன்தான்.

தவறான அளவில் வந்த மாடலின்மேல் ஏற்கெனவே வேலையைத் தொடங்கிவிட்டீர்கள் என்றால், முதலில் கோப்புக்கு ஒரு நகல் எடுங்கள். பிறகு டேப் மெஷர் கருவியால் நீளமான சுவர் ஒன்றின் இரு முனைகளையும் சொடுக்கி, அதன் சரியான நீளத்தைத் தட்டச்சு செய்து என்டரை அழுத்துங்கள். மாடலின் அளவை மாற்றவா என்று கேட்கும், சம்மதியுங்கள். வெளிக் கோப்புகளிலிருந்து கொண்டுவந்த கதவு, ஜன்னல்கள் இதோடு சேர்ந்து மாறாமல் இருக்கலாம், அவற்றை மட்டும் தனியே அளந்து பாருங்கள்.