திறமூலத் திட்டங்களில் தொழில்நுட்ப முடிவுகளை வாக்கெடுப்புக்கு விடுவது சரியா?

யாரும் பார்த்துத் திருத்தும்படி மூல நிரலைத் திறந்துவைத்த மென்பொருள் திட்டங்களில், பெரும்பான்மை வாக்கு எந்த நிரல் சிறந்தது என்று சொல்லிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்லாது. ஆனால் பேசிப் பேசி ஓய்ந்தபின் ஏதோ ஒரு முடிவு வேண்டுமே, வாக்கு அதற்குத்தான்.

அப்பாச்சி என்ற அமைப்பின் திறமூலத் திட்டங்களில் உள்ள வழக்கம் எனக்குப் பிடித்தது. ஆதரவுக்கு +1, எதிர்ப்புக்கு -1. நிரல் மாற்றம் ஒன்றுக்கு, தகுதியுள்ள ஒருவர் -1 இட்டாலே அது நின்றுவிடும். ஆனால் தொழில்நுட்பக் காரணம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அந்தத் தடை செல்லாது. தலைகளை எண்ணுவதைவிட இது மேல். புதிய பதிப்பை வெளியிடுவதற்கான வாக்கெடுப்பில் இந்தத் தடை அதிகாரம் கிடையாது.

லினக்ஸ் இயங்குதளங்களில் ஒன்றான டெபியனின் திட்டத்தில் தெரிவுகளை விருப்ப வரிசைப்படி அடுக்கி வாக்களிப்பார்கள். ஒவ்வொன்றும் மற்ற ஒவ்வொன்றுடனும் ஒப்பிடப்படும். கணினியைத் தொடங்கிவைக்கும் மென்பொருளாக சிஸ்டம்டியை ஏற்பதா என்ற சண்டையில், 2014 பிப்ரவரியில் தொழில்நுட்பக் குழு சரிபாதியாகப் பிளந்தது. தலைவரின் தீர்மான வாக்குதான் சிஸ்டம்டியைத் தேர்ந்தது. நவம்பரில் இதையொட்டி டெபியன் உறுப்பினர்களிடையே நடந்த பொது வாக்கெடுப்பில் வென்றது எது தெரியுமா? 'பொதுத் தீர்மானமே தேவையில்லை' என்ற தெரிவு! சிஸ்டம்டியை எதிர்த்தவர்களில் சிலர் பிரிந்துபோய், டெபியனை அடிப்படையாக வைத்து டெவுவான் என்ற தனிக் கிளையைத் தொடங்கினார்கள்.