போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது குதிரைக்குப் புது பிட் (வாயில் மாட்டும் கடிவாள இரும்பு) வாங்கலாமா?

கேள்வி: என் மகளுக்கு 15 வயது, நான்கு வருடமாகக் குதிரையேற்றம் பழகுகிறாள். பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒன்பது வயது தரோபிரெட் குதிரையில்தான் ஓட்டுகிறாள். மூன்று வாரத்தில் பெங்களூரில் போட்டி இருக்கிறது, ஆரம்ப நிலை டிரெஸ்ஸாஜும் (குதிரையை வரிசையாகச் சொன்ன நடைகளில் ஓட்டிக் காட்டும் பிரிவு) 80 செ.மீ. ஜம்பிங்கும். எங்கள் மைதானத்தில் ஒழுங்காக இருக்கும் குதிரை, போன முறை வெளியூர் போனபோது தலையைத் தூக்கிக்கொண்டு ஓடியது, பிடித்து நிறுத்தவே முடியவில்லை. இப்போது போடுவது ஐந்தரை அங்குல ஒற்றை மூட்டு ஸ்னாஃபிள், அதாவது நடுவில் ஒரு மூட்டும் இரு ஓரத்தில் வளையமும் உள்ள சாதாரண பிட். கடைக்காரர் பக்கக் கம்பி நீண்ட கடுமையான ரகம் ஒன்றைக் காட்டி, “பெலம் பிட் போடுங்கம்மா, ஒரே வாரத்தில் அடங்கிடும்” என்கிறார். வாங்கிவிடலாமா?
– ஒரு தாய், கோவை

பதில்: வேண்டாம். முதல் காரணம் ரொம்பச் சாதாரணமானது. டிரெஸ்ஸாஜில் பெலம் போடவே அனுமதி இல்லை. நம் நாட்டுப் போட்டிகள் பெரும்பாலும் சர்வதேச சம்மேளனமான எஃப்.இ.ஐ. விதிகளை ஒட்டித்தான் நடக்கின்றன, ஆரம்ப நிலை டிரெஸ்ஸாஜ் என்றாலே ஸ்னாஃபிள்தான். பெலத்தோடு உள்ளே போனால் மகள் எவ்வளவு அழகாக ஓட்டினாலும் நீக்கிவிடுவார்கள். ஜம்பிங்கில் விதி தளர்வு, அங்கே போடலாம். ஆனால் ஒரே குதிரைக்கு ஒரே நாளில் காலையில் ஒன்று மாலையில் ஒன்று என்று மாற்றுவது 15 வயதுப் பிள்ளைக்குத் தேவையில்லாத தலைவலி.

இரண்டாவது, உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. அதே குதிரை, அதே பிட், அதே பெண். வீட்டில் நிற்கிறது, வெளியூரில் நிற்கவில்லை. அப்படியென்றால் மாறியது இடம்தானே? கூட்டம், மைக் சத்தம், தெரியாத குதிரைகள். பயந்த குதிரைக்கு வாயில் வலியும் சேர்த்துக் கொடுத்தால் தலை இன்னும் மேலேதான் போகும். அதிலும் இது பந்தயக் குதிரை. டிராக்கில் லகானை இறுக்கிப் பிடித்தால் அதன்மேல் சாய்ந்துகொண்டு ஓட வேண்டும் என்றுதான் பழகியிருக்கும். நாம் பிரேக் என்று நினைத்து இழுப்பது அதற்கு ஆக்சிலரேட்டர். ஸ்னாஃபிளில் கை இழுக்கிற அளவுதான் ஏறக்குறைய வாய்க்குப் போய்ச் சேரும். பெலத்தில் பக்கக் கம்பி நீண்டிருப்பதால் கடப்பாரை போட்டு நெம்புகிற மாதிரி அந்த விசை பெருகி, தாடைச் சங்கிலி வழியாகத் தாடையையும், வார் வழியாகக் காதுக்குப் பின்னால் உச்சந்தலையையும் சேர்த்து அழுத்தும். பக்குவமான கையில் அது நல்ல கருவிதான், தப்பு சொல்லவில்லை, ஆனால் பதற்றத்தில் இழுக்கிற கையில் கொடுக்கிற பொருள் அல்ல.

ஆனால் கடிதத்தில் என் கண்ணை உறுத்தியது ஐந்தரை அங்குலம்தான். தரோபிரெட்டுகளில் பலவற்றுக்கு 5 அங்குலமே போதும். அகலம் அதிகமான ஒற்றை மூட்டு பிட் வாய்க்குள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நழுவும், இழுக்கும்போது நடு மூட்டு மேலண்ணத்தில் போய் இடிக்கும். இதற்கும் குதிரை தலையைத்தான் தூக்கும்! எனவே முதலில் அளந்து பாருங்கள். விரல் தடிமனில் வழவழப்பான ஒரு மரக்குச்சியை பிட் உட்காரும் இடத்தில், அதாவது முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே உள்ள வெற்றிடத்தில் வைத்து, இரண்டு உதட்டோரத்திலும் குறி போட்டு எடுங்கள் (ஒருவர் தலையைப் பிடித்துக்கொள்ளட்டும், குதிரை பார்ப்பவரையே எல்லா லாயத்திலும் ‘சைஸ்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள், ஆகவே சைஸ் பார்க்க சைஸைக் கூப்பிடுவதில் ஒரு பொருத்தம் இருக்கிறது). 120 மி.மீ. வந்தால், வளையம் நழுவாமல் கம்பியோடு பொருத்திய எக்பட் வகைக்கு 5 அங்குலம், அதாவது 127 மி.மீ., சரியாக இருக்கும். வளையம் துளையில் சுழலும் லூஸ் ரிங் என்றால் அது உதட்டைக் கிள்ளாமல் இருக்க இன்னும் கொஞ்சம் இடம் வேண்டும், ஐந்தேகால் போகலாம். நீங்கள் போட்டிருக்கும் ஐந்தரை என்பது 140. வளையத்தைச் சேர்க்காமல் வாய்க்குள் போகும் கம்பியின் நீளம்தான் அளவு. சில விற்பனையாளர்கள் வளையத்தோடு சேர்த்துச் சொல்கிறார்கள், கேட்டு வாங்குங்கள்.

தடிமனான பிட் மென்மையானது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. வாயில் இடம் இருந்தால்தானே அது உண்மை? நாக்கு தடித்து அண்ணம் தாழ்ந்திருக்கிற குதிரைக்கு 18 மி.மீ. கம்பி வாய் நிறைய எதையோ திணித்த மாதிரி இருக்கும். 14 முதல் 16 பாருங்கள்.

செலவு செய்வதற்கு முன் குதிரைப் பல் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டிவிடுங்கள். மேல்வரிசைக் கடைவாய்ப் பற்களின் வெளி ஓரம் கூராகிக் கன்னத்தைக் கிழித்துக்கொண்டிருக்கலாம், அல்லது கடைவாய்க்கு முன்னால் முளைக்கும் சின்ன ஓநாய்ப் பல்லில் பிட் இடித்துக்கொண்டிருக்கலாம். அப்படி இருந்தால் எந்த பிட் வாங்கினாலும் காசு தண்டம். மூக்குப்பட்டையையும் பாருங்கள், மூக்கெலும்பின்மேல் இரண்டு விரல் உள்ளே போக வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், நடுவில் சின்ன உருண்டை வைத்த இரட்டை மூட்டு ஸ்னாஃபிள், ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல், சரியான அளவில். ஜெர்மன் தயாரிப்பெல்லாம் இப்போது வேண்டாம், கான்பூரில் செய்ததே போதும், செய்நேர்த்தியை மட்டும் பாருங்கள். மூட்டிலும் வளையம் நுழையும் துளையிலும் பஞ்சைத் தேய்த்து, நூல் சிக்கினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அதைவிட நல்லது, பயிற்சிப் பள்ளியில் இதே மாதிரி ஒன்று கட்டாயம் கிடக்கும், பத்து நாள் இரவல் வாங்கிப் போட்டுப் பாருங்கள். அந்தப் பத்து நாளில் ஒரு தடவையாவது குதிரையை வேறொரு மைதானத்துக்குக் கூட்டிப்போய் சும்மா நடக்க விட்டுக் கூட்டி வாருங்கள். பெலத்துக்குக் கொடுக்கவிருந்த காசு வண்டி வாடகைக்கு ஆகும்.

கேள்வி: ‘முழு ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல்’ என்று ஆன்லைனில் வாங்கிய பிட்டில் இரண்டே மாதத்தில் மேல்பூச்சு உரிகிறது. பயன்படுத்திய பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்கிறார்கள்.
– ஒரு வாசகர், ஓசூர்

பதில்: முதலில் அதைக் கழற்றி வையுங்கள், உரிந்த விளிம்பு நாக்கை அறுக்கும். முழு ஸ்டீலுக்குப் பூச்சே கிடையாது, ஆக உரிகிறது என்றாலே விளம்பரத்தில் சொன்னது பொய். பயன்படுத்தினீர்களா இல்லையா என்பது வேறு பேச்சு, தவறான விவரம் சொல்லி விற்றதுதான் உங்கள் புகார். விற்பனைப் பக்கத்தை இன்றே படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், நாளை மாற்றிவிடுவார்கள். ரசீது, உரிந்த இடத்தின் படம் இரண்டோடும் எழுத்தில் பணம் கேளுங்கள், மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. காந்தம் வைத்துப் பார்த்து ஒட்டினால் போலி என்று முடிவு கட்டாதீர்கள், ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீலிலேயே காந்தம் ஒட்டும் ரகங்கள் உண்டு. ‘ஸ்வீட் அயர்ன்’ என்று சொல்லி விற்றது துருப்பிடித்தால் மட்டும் சண்டைக்குப் போக வேண்டாம். அது துருப்பிடிக்கத்தான் செய்யும், அந்த ருசியில் குதிரைக்கு எச்சில் ஊறும் என்றுதான் அதை வாங்குகிறார்கள்.

கேள்வி: அந்தியூர் சந்தையில் வாங்கிய குதிரையோடு முள் வைத்த பிட் ஒன்றையும் கொடுத்தார்கள், இது இல்லாமல் நிற்காது என்கிறார்கள். போட்டிக்குப் போடலாமா?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: போட்டிக்கு மட்டுமில்லை, வீட்டு வாசலில்கூடப் போடக் கூடாது. முள் வைத்த பிட்டை 1965ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்பு விதிகளே தடை செய்திருக்கின்றன. வாயில் ஏற்கெனவே புண் இருக்கும், ஆறுகிற வரை வாயில் எதையும் போடாமல் தலைக்கயிற்றில் நடத்துங்கள். அந்த இரும்பை விற்கவும் வேண்டாம், இன்னொரு குதிரை வாய்க்குத்தான் போகும்.