ஜாகுவார் ஈ-டைப்: ஐஎஸ்ஏ பணத்தில் கை வைக்கும் முன் பாருங்கள்

கேள்வி: லெஸ்டரில் வசிக்கிறேன், வயது 57. 1966-ம் வருட ஜாகுவார் ஈ-டைப் கூப்பே (நிலையான கூரையுள்ள கார்), 4.2 லிட்டர், வலது பக்க ஸ்டியரிங், 78,000 பவுண்டுக்கு வருகிறது. "எல்லா நம்பரும் ஒரிஜினல், ஹெரிடேஜ் சான்றிதழும் இருக்கிறது" என்கிறார் விற்பவர். ஐஎஸ்ஏ என்ற வரியில்லாச் சேமிப்புக் கணக்கில் உள்ள 90,000 பவுண்டிலிருந்து எடுத்து வாங்கலாமா? பின்னாளில் விற்றால் வரி வருமா?

பதில்: வரி விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். பிரிட்டனில் பயணிகள் காரை விற்றுக் கிடைக்கும் லாபத்துக்கு மூலதன ஆதாய வரி கிடையாது. ஆனால் நஷ்டம் வந்தால் அதை வேறு ஆதாயத்தில் கழித்துக்கொள்ளவும் முடியாது. 40 வருடம் கடந்து, வரலாற்று வாகனமாகப் பதிந்த காருக்குச் சாலை வரி இல்லை.

இனி கார். கேட்கும் விலையில் கணிசமான பங்கு, அது தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கிறது என்ற நம்பிக்கைக்காகத்தான். அதனால் அந்த நம்பிக்கையைத்தான் சோதிக்க வேண்டும்.

ஜாகுவார் டைம்லர் ஹெரிடேஜ் டிரஸ்ட் தரும் சான்றிதழ் தொழிற்சாலைப் பதிவேட்டில் இருப்பதைச் சொல்லும்: சேஸிஸ், இன்ஜின், கியர்பாக்ஸ், பாடி எண்கள், முதலில் அடித்த பெயின்ட், உள்ளே போட்ட தோலின் நிறம், தயாரித்த தேதி, எந்த விநியோகஸ்தருக்குப் போனது. கோவென்ட்ரியின் பிரவுன்ஸ் லேன் தொழிற்சாலையிலிருந்து எப்படிப்பட்ட கார் கிளம்பியது என்பதற்கு அது நல்ல சாட்சி. இன்று உங்கள் முன் நிற்பது அதே கார்தானா என்பதை அது சொல்லாது. அதற்குச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு பானெட்டைத் திறக்க வேண்டும்.

ஈ-டைப்பில் இது ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், சேஸிஸ் எண் இருக்கும் இடம் அப்படி. காரின் நடுப்பகுதி, தகடுகளைப் பற்றவைத்துச் செய்த மோனோகாக் என்ற ஒரே கூடு. அதன் முன்னால் இன்ஜினைத் தாங்கும் குழாய்ச் சட்டங்கள் போல்ட் போட்டு மாட்டப்பட்டவை. எண் குத்தப்பட்டிருப்பது அந்தச் சட்டத்தில், வலது ஷாக் அப்சார்பருக்கு மேலே. போல்ட்டைக் கழற்றினால் எண்ணும் கூடவே வந்துவிடும்! துருப்பிடித்து வீணான காரின் சட்டத்தையும் ஆவணத்தையும் வேறொரு உடலில் மாட்டி விற்பது சாத்தியம். விபத்துக்குப் பிறகு புதுச் சட்டம் போட்டுப் பழைய எண்ணையே நேர்மையாகக் குத்திய கார்களும் உண்டு. பில் இருந்தால் அது மோசடி இல்லை, விலையைக் குறைத்துப் பேச மட்டும் ஒரு காரணம். எனவே பாடி எண் தகடும் சான்றிதழோடு பொருந்துகிறதா என்று கட்டாயம் பாருங்கள். தகடோ ரிவெட்டோ புதிதாகப் பளபளத்தால் ஏன் என்று கேளுங்கள்.

சேஸிஸ் எண்ணே இன்னொரு செய்தியையும் சொல்லும். முதல் சீரீஸ் 4.2 கூப்பேயில், தொழிற்சாலையிலேயே வலது பக்க ஸ்டியரிங் வைத்த கார்களின் எண்கள் 1ஈ20001-லிருந்தும், இடது பக்கம் வைத்தவை 1ஈ30001-லிருந்தும் தொடங்கும். நீங்கள் பார்க்கும் காரில் 1ஈ3 என்று ஆரம்பித்தால், அது பெரும்பாலும் அமெரிக்கா போய்த் திரும்பி, பிறகு ஸ்டியரிங் மாற்றிய கார். ஓட்டுவதற்கு அதில் குறை இருக்க வேண்டியதில்லை. ஆனால் பிறப்பிலேயே வலது பக்கமாக இருந்த காரின் விலையைக் கொடுக்கக் கூடாது.

இன்ஜின் எண் பிளாக்கின் வலது பக்கம் ஆயில் ஃபில்டருக்கு மேலேயும், சிலிண்டர் ஹெட்டின் முன்பக்கத்திலும் இருக்கும். இந்த மாடலுக்கு அது 7ஈ என்று தொடங்க வேண்டும். 7எல் அல்லது 8எல் என்றால் எக்ஸ்ஜே6 என்ற வேறொரு ஜாகுவார் சலூனிலிருந்து எடுத்துப் போட்ட இன்ஜின். எண் சரியாக இருந்தாலும் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள்: கிரைண்டர் தேய்த்த கோடுகள், சுற்றுப்புறத்தைவிடத் தாழ்ந்துபோன முகம், பழைய எண்ணின் மங்கிய தடம் ஆகியவை திரும்பக் குத்தியதற்கு அடையாளம். ஹெட் மட்டும் மாறியிருந்தால் நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அலுமினியம் அரித்துப்போவதால் இது அடிக்கடி நடக்கிறது. பிளாக் மாறியிருந்தால் 78,000 என்ற பேச்சே வேண்டாம்.

நிறத்தை வெளியே பார்த்துப் பயனில்லை. டாஷ்போர்டுக்குப் பின்னால், டிக்கியின் தரைப்பலகைக்கு அடியில் பழைய பெயின்ட் எட்டிப் பார்க்கும். அது சான்றிதழில் உள்ள நிறம்தானா என்று பாருங்கள்.

துரு இன்னொரு பெரிய செலவு. கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் சில் என்ற பகுதி, தரைத்தகடு, பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ரேடியஸ் ஆர்ம் என்ற தண்டு மாட்டும் இடம் ஆகியவைதான் காரின் பலம். அங்கே காந்தம் ஒட்டாவிட்டால் உள்ளே இருப்பது ஃபில்லர், அதாவது ஓட்டையை மறைக்கும் பூச்சு. முன்சட்டக் குழாய்கள் உள்ளிருந்து துருப்பிடிக்கும், மேலே பெயின்ட் அழகாகவே இருக்கும். ஈ-டைப் நிபுணர் ஒருவரைக் கூட்டிப்போய் ராம்ப்பில் ஏற்றிப் பார்க்கச் சில நூறு பவுண்டு ஆகும். தயங்காமல் கொடுங்கள்.

ஆவணத்தில் ஒரு எச்சரிக்கை: வி5சி என்ற வாகனப் பதிவுப் புத்தகத்தில் பெயர் இருப்பவர் பதிவுக்குரியவர் மட்டுமே, உரிமையாளர் என்பதற்கு அது சான்றல்ல. வாங்கிய ரசீதைக் கேளுங்கள், கார் மீது கடன் நிலுவை உள்ளதா என்றும் சோதியுங்கள்.

இப்போது உங்கள் பணம். 90,000-ல் 78,000 போனால் மிச்சம் 12,000. சில்லும் தரையும் மாற்றவேண்டி வந்தால் அது பறந்துவிடும். முழுச் சீரமைப்பு என்றால் காரின் விலையையே தாண்டலாம். வட்டியோ டிவிடெண்டோ தராத பொருள் இது. காப்பீடு, நிறுத்துமிடம், பராமரிப்பு வருடாவருடம் தின்னும். அதோடு, ஒரு வருடத்தில் ஐஎஸ்ஏ-வில் போட முடிவது 20,000 பவுண்டுதான். உங்களுடையது எடுத்ததை அதே நிதியாண்டில் திரும்பப் போட அனுமதிக்கும் வகையாக இல்லாவிட்டால், இந்த வரியில்லா இடத்தை மீட்க நான்கு வருடமாகும். ஓய்வூதியம் தனியாக இருந்து, இந்தத் தொகை இல்லாமலே காலம் தள்ள முடியும் என்றால் மட்டும் வாங்குங்கள். இதுதான் மொத்தச் சேமிப்பு என்றால் என் பதில், வேண்டாம்.

வாங்குவதாக முடிவு செய்தால், முன்பணம் சிறிதாக இருக்கட்டும். "நிபுணர் சோதனையிலோ நான்கு எண்களிலோ குறை தெரிந்தால் முழுத் தொகையும் திரும்பத் தரப்படும்" என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். அதற்கு விற்பவர் மறுத்தால் அந்தக் காரை விட்டுவிடுங்கள். சோதனை அறிக்கை கைக்கு வந்த பிறகு ஐஎஸ்ஏ-விலிருந்து பணத்தை எடுத்தால் போதும்.